கரைக்குக் கீழே யார்?

மாப்பிள்ளை,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். தண்ணீரோரம் வீடு, பின்பக்கம் மரப்படி, சின்னதாய் ஒரு படகுத்துறை. உங்கம்மாவிடம் காட்டினேன். "கண்மாய்க்கு உள்வாயில் போய் எவனாவது வீடு வாங்குவானா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். விலை, பள்ளிக்கூடம், ஆபீசுக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் நீயும் மகளும் பார்த்திருப்பீர்கள். அதில் நான் தலையிடவில்லை. அத்தனை படத்திலும் ஏரி இருக்கிறது, கரை ஒன்றில்கூட இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வட ஜார்ஜியாவில் தானாக உண்டான ஏரி கிடையாது என்றே வைத்துக்கொள். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் யாரோ ஓடையை மறித்து மண் கொட்டியதுதான். ஒன்று மாவு மில்லுக்காக இருக்கும், இல்லை மாடு தண்ணீர் குடிக்க ஒரு விவசாயி போட்டதாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் மனை விற்க வந்தவன் 'ஏரி பார்த்த மனை' என்று கூடுதல் விலை வைக்கப் போட்டதாக இருக்கும். உன் ஏரி மூன்றாவது ரகம். மனை எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் அவன் கரையைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். அதனால் நீ வாங்குவது வீடு மட்டும் இல்லை. அணையில் ஒரு பங்கும் பத்திரத்தோடு சேர்ந்து வருகிறது. வந்த உடனே கமிட்டியில் உட்காரச் சொல்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். வயதானவர்கள் இளையவனைக் கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்கள் என்றால், அந்த நாற்காலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

நம் பக்கத்தில் கண்மாய் ஊருக்குப் பொது. மடை திறக்க ஆள் உண்டு. கலுங்கு மறுகால் பாய்ந்தால் ஊரே போய்ப் பார்க்கும். கரை உடைந்தால் பொதுப்பணித்துறையைத் திட்டலாம். நீ இருக்கும் நாட்டில் அரசுப் பட்டியலில் ஏறிய அணைகள் மட்டும் 90,000-க்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் தனி ஆளுக்கோ, கம்பெனிக்கோ, உன்னுடையது போன்ற சங்கத்துக்கோ சொந்தம். பெரும்பாலும் மண் கரைதான். கட்டியவன் செத்துப் போயிருப்பான், வரைபடம் இருக்காது, ஆனால் கரை நிற்கும். நான் அட்லாண்டாவில் வேலை பார்த்த காலம் முழுக்க இப்படிப்பட்ட கரைகளின் மேல்தான் நடந்தேன். ஹூவர் அணையை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உன் அணைக்கு அரசு ஒரு வகுப்பு கொடுத்திருக்கும். அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டி மூன்று வகுப்பு சொல்கிறது. உடைந்தால் ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் அது 'ஹை ஹசார்ட்'. உயிருக்கு ஆபத்து இருக்காது, ஆனால் சாலை, பாலம், தண்ணீர்க்குழாய், தோட்டம் துரவு என்று பெரிய நஷ்டம் வரும் என்றால் நடு வகுப்பு. சேதம் பெரும்பாலும் சொந்தக்காரன் நிலத்தோடு முடிந்துவிடும் என்றால் 'லோ ஹசார்ட்'. ஜார்ஜியாக்காரர்கள் இதை இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். உயிர் போகும் என்றால் முதல் வகை, இல்லையென்றால் இரண்டாம் வகை.

இதில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். 'ஹை ஹசார்ட்' என்றால் இற்றுப்போன அணை என்றும், 'லோ' என்றால் உறுதியான அணை என்றும் நினைக்கிறார்கள். அந்த வகுப்புக்கும் கரையின் உறுதிக்கும் சம்பந்தமே இல்லை. பஸ்ஸில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லும், பிரேக் பிடிக்குமா என்று சொல்லாது. புத்தம் புதிதாய்க் கட்டிய அருமையான அணையும் ஹை ஹசார்டாக இருக்கும், கீழே ஓர் ஊர் இருந்தால். நாளைக்கே உடையப்போகிற கரையும் லோ ஹசார்டில் நிம்மதியாகத் தூங்கும், கீழே வெறும் காடு என்றால். கரை எப்படி இருக்கிறது என்பதற்கு வேறு மதிப்பீடு, வேறு காகிதம். இரண்டையும் கேட்டு வாங்கு.

இன்னொரு விஷயம். கரையில் ஒரு கூடை மண் கூட்டாமல் குறைக்காமலே வகுப்பு மாறிவிடும். அறுபதுகளில் கீழே மாட்டுப் புல்வெளி, அதனால் இரண்டாம் வகை. பிறகு அந்தப் புல்வெளியை ஒருவன் வாங்கி ஓடையோரம் நாலு வீடு கட்டுகிறான். வீடு கட்ட அனுமதி கொடுக்கிற கவுண்டி ஆபீஸ், பெரும்பாலும் மேலே அணை இருக்கிறதா என்று கேட்பதில்லை. வெள்ள அபாய வரைபடத்திலும் வழக்கமாக மழை வெள்ளம்தான் இருக்கும், அணை உடைந்து வருகிற தண்ணீர் இருக்காது. சில வருடம் கழித்து அரசுக்காரர் வந்து பார்க்கிறார், அணை முதல் வகைக்குப் போகிறது. வகை மாறினால் கலுங்கு பெரிதாக வேண்டும், ஏனென்றால் முதல் வகை அணை தாங்க வேண்டிய மழையின் கணக்கே வேறு. செலவு லட்சக்கணக்கான டாலரில் வந்து நிற்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நாங்கள் முதலில் வந்தோம். பின்னால் வந்தவன் பள்ளத்தில் வீடு கட்டினால் நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. அவருக்கு முழுத் திருப்தியான பதில் என்னிடம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கீழே வீடு கட்ட விட்டவர்களும் பங்கு போட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அந்த வாதம் ரொம்ப தூரம் ஓடாது. லங்காஷயரில் ஒரு மில் முதலாளி தன் இடத்தில் தேக்கிய தண்ணீர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. தண்ணீரைத் தேக்கியவனே பொறுப்பு என்று 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க நீதிமன்றங்கள் முதலில் அதைக் கொஞ்சம் தயங்கித்தான் பார்த்தன. 1889-இல் பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றின் மண் அணை உடைந்து ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் செத்தார்கள். கார்னெகியும் ஃபிரிக்கும் அந்த கிளப்பில் உறுப்பினர்கள். ஒரு வழக்கிலும் கிளப் மீது பொறுப்பு விழவில்லை. அந்தக் கோபத்துக்குப் பிறகு பல மாநிலங்களில் காற்று மாறியது.

நீ இருக்கும் மாநிலத்திலேயே நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே டொக்கோவா என்று ஓர் ஊர். அங்கே 186 அடி உயரத்திலிருந்து விழுகிற ஓர் அருவி. அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை, அருவிக்குக் கீழே ஒரு பைபிள் கல்லூரி. 1899 வாக்கில் மின்சாரத்துக்காக மரச்சட்டமும் பாறையுமாக ஒரு தடுப்புப் போட்டார்கள். பிறகு கல்லூரி அதன் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கியது. இன்னும் பிற்பாடு உயர்த்தினார்கள். கடைசியில் ஏறக்குறைய 40 அடி உயரம். 1957-இல் மின்சாரம் எடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அது மீன் பிடிக்கவும் பொழுதுபோக்கவும் ஆன ஏரி. வேலை செய்கிற அணையை யாராவது தினம் போய்ப் பார்ப்பார்கள், குழாய்க்கு எண்ணெய் விடுவார்கள், வால்வைத் திருகிப் பார்ப்பார்கள். வேலை நின்றுபோன அணையை அழகுக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். உன் ஏரியும் அந்த ரகம் என்பதை மறந்துவிடாதே.

1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. நாலு நாள் மழைக்குப் பிறகு கரை போனது. தேங்கி நின்றது சுமார் 27 மில்லியன் கன அடி. நம் பக்கத்துப் பெரிய கண்மாய்களோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு குட்டை. அந்தக் குட்டைத் தண்ணீர்தான் உச்சத்தில் விநாடிக்கு 24,000 கன அடி வேகத்தில் அருவி வழியே இறங்கிக் கல்லூரிக் குடியிருப்பின் மேல் பாய்ந்தது. 39 பேர் செத்தார்கள், அதில் பாதிப் பேர் குழந்தைகள். தூக்கத்திலேயே போனார்கள்.

பிறகு வந்து ஆராய்ந்த பொறியாளர்கள் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாமல் திணறினார்கள். கரையின் வரைபடம் இல்லை. வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது. கரையில் மரங்கள் வளர்ந்திருந்தன. நாலு வருடம் முன்னே, 1973-இல், வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்து கிடந்ததைக் காட்டுகிற படம் இருந்தது. சரிந்ததை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை. அதாவது கண்ணில் பட்டிருக்கிறது.

எனக்கு இதில் உறுத்துவது என்ன தெரியுமா? அணைக்குச் சொந்தக்காரர்களும் கீழே குடியிருந்தவர்களும் ஒரே குடும்பம். தண்ணீர் வந்தால் சாகப்போவது தங்கள் பிள்ளைகள்தான் என்று இருந்தவர்கள் அவர்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அக்கறை இருந்தால் போதும், எல்லாம் சரியாக நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அக்கறை உள்ளவனுக்கும் கரையைப் படிக்கத் தெரிந்த ஒருவன் கூட வேண்டும். தெரிந்தவன் சொன்னதைச் செய்ய ஒரு சட்டமும் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அணைகளைச் சோதிக்க வேண்டும் என்று 1972-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சோதனைக்குப் பணம் வரவில்லை, பட்டியல் போட்டதோடு நின்றது. டொக்கோவாவுக்குப் பிறகுதான் ஜிம்மி கார்ட்டர், அவரும் ஜார்ஜியாக்காரர், ராணுவப் பொறியாளர்களை அனுப்பினார். நாலு வருடத்தில் ஏறத்தாழ 8,800 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று ஆபத்தான நிலையில் இருந்தது. ஜார்ஜியா 1978-இல் தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டது.

டொக்கோவாவில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. ஹவாயில் அப்படி இல்லை. கவாய் தீவில் 1890-இல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டிய கா லோகோ என்ற மண் அணை. கரும்பு போய்விட்டது, நிலம் கை மாறி ஒரு கார் வியாபாரியிடம் வந்தது. 2006 மார்ச் 14, விடியுமுன் கரை உடைந்து சுமார் 40 கோடி கேலன் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. 7 பேர் செத்தார்கள். அரசு ஏட்டில் அந்த அணைக்கு என்ன வகுப்பு என்று நினைக்கிறாய்? லோ ஹசார்ட். அந்த வகுப்பு என்பதால் அதைச் சோதிக்க ஆள் போனதே இல்லை. கீழே வீடுகள் இருந்தன, காகிதத்தில் இல்லை. விசாரணைக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞரின் அறிக்கை, கலுங்கு இருந்த இடம் மூடப்பட்டுப் போனதால் தண்ணீர் கரைக்கு மேலேறி வழிந்து உடைத்திருக்க வேண்டும் என்றது. சொந்தக்காரர் 2013-இல் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை, அடுத்த வருடம் ஏழு மாதச் சிறைத் தண்டனை வந்தது.

மண் கரைக்கு மேலே தண்ணீர் வழியக் கூடாது. நம் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகத்தான் கலுங்கு. மறுகால் பாய்கிற வழியை அடைத்தால் கரை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். ஆனால் உன் சங்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார், மீன் ஓடிவிடுகிறது, கலுங்கு வாயில் ஒரு கம்பி வலை போடலாம் என்று. ஜான்ஸ்டவுன் கிளப்பும் அதைத்தான் செய்தது. இலையும் கிளையும் வலையில் அடைந்து தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது. அந்த யோசனை வரும் நாளில் நீ கமிட்டியில் இருந்தால், ஒரு ஆளாக நின்றாலும் முடியாது என்று சொல். மீனுக்காக உன்மேல் நாலு பேர் வருத்தப்படட்டும்.

இனி கரையைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கு உன்னைவிடக் கண் கூர்மை. ஏரிப்பக்கம் நின்று படம் எடுக்காதே. வெளிச்சரிவில் இறங்கிக் கரையடிக்குப் போ. மழை பெய்து நாலு நாள் ஆன பிறகு போனால் நல்லது, அப்போதும் ஈரம் இருந்தால் அது மழை ஈரம் இல்லை. சம்பு தழைத்து நிற்கிற இடம் தெரிந்தால் அங்கே நில். சுற்றிலும் காய்ந்த புல்லாக இருந்து ஓரிடத்தில் மட்டும் சம்பு இருக்கிறது என்றால் அதற்கு யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஊற்றுவது உன் ஏரிதான். கசிவைக் கண்டு பதறாதே. கசியாத மண் கரை கிடையாது. ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் தேதி போட்டு எழுதி வை, அடுத்த மாதமும் பார், அளவு கூடுகிறதா என்று பார். கலங்கலாக இருந்து, குப்பியின் அடியில் மண் படிந்தால், கரை உள்ளுக்குள்ளே தன் மண்ணை வெளியே அனுப்புகிறது. அது அடுத்த மாதம் வரை பொறுக்கிற காரியம் இல்லை. அன்றைக்கே ஏரி மட்டத்தை இறக்கத் தொடங்க வேண்டும், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

மட்டத்தை இறக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஏரிக்குள் ஒரு நிமிர்ந்த இரும்புக் குழாய் நிற்கும், அதிலிருந்து கரைக்கு அடியே ஒரு படுக்கைக் குழாய் போகும். அறுபது எழுபதுகளில் போட்டவை பெரும்பாலும் நெளிவு நெளிவான தகரக் குழாய். அடிப்பாகம் துருவேறி சல்லடையாகப் போய், குழாயைச் சுற்றியுள்ள மண் உள்ளே இறங்கும். கரையின் மேல் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்தால் அதைக் கொட்டிய மண்ணால் மூடிவிட்டுப் போகாதே, அடியில் குழாய் போயிருக்கிறது என்று அர்த்தம். அடிவால்வைத் திருகும் சக்கரம் எங்கே என்று சங்கத்துக்காரர்களிடம் கேள். நான் கேட்ட இடங்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கடைசியாகத் திருகிப் பார்த்தது எந்த வருடம் என்று கேட்டால் சிரிப்பார்கள். மரம் வளர்ந்திருந்தால் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுவதும் ஒரு வழக்கம். சின்னச் செடியிலேயே வெட்டியிருக்க வேண்டும். பெரிய மரமாகிவிட்டால் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதே, செத்த வேர் மட்கினால் உள்ளே தண்ணீருக்குப் பாதை கிடைக்கும்.

இதையெல்லாம் முடித்துவிட்டுக் காரில் ஏறாதே. ஓடையோடு கீழே நட. ஒரு மைல், இரண்டு மைல். வீடு, வண்டி வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் வருகிற சர்ச், பள்ளிக்கூட பஸ் போகிற தாழ்ந்த பாலம், இராத்திரியில் யார் யார் தூங்குகிற இடம் என்று பார்த்துக்கொண்டே போ. முதல் வகை அணை என்றால் அவசரத் திட்டம் என்று ஒரு காகிதம் வேண்டும்: கரை போனால் தண்ணீர் எது வரை ஏறும், யாருக்கு முதலில் போன் போட வேண்டும் என்று. அந்தக் காகிதத்தில் உள்ள போன் நம்பர்கள் பல இடங்களில் பத்து வருடப் பழசாக இருக்கும். கமிட்டியில் நீ உட்கார்ந்தால் முதல் வேலையாக அவர்களை நேரில் போய்ப் பார்த்து நம்பர் வாங்கு. 1982-இல் கொலராடோவில் ஒரு பாசனக் கம்பெனிக்குச் சொந்தமான லான் லேக் என்ற பழைய மண் அணை உடைந்தபோது, இரைச்சலைக் கேட்டு முதலில் போன் போட்டது விடியற்காலை குப்பை அள்ள வந்தவர். சாவு 3 பேரோடு நின்றதற்கு அந்த போனும் ஒரு காரணம்.

உங்கள் சங்கத்தில் சிலர், அரசு ஏன் நம் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறது என்பார்கள். டெக்சாசில் அந்தக் குரல் ஜெயித்து, ஊர் எல்லைக்கு வெளியே உள்ள தனியாரின் சின்ன அணைகளில் உயிராபத்து வகுப்பில் இல்லாதவற்றுக்கு 2013-இல் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பு கீழே உள்ள வீடுகளைப் பொறுத்தது, வீடுகள் கூடிக்கொண்டே போகும், யாரும் போய்ப் பார்க்காத அணையின் வகுப்பு மட்டும் பழையபடியே கிடக்கும். சின்ன அணை ஒவ்வொன்றும் தனியாகப் போவதும் இல்லை. 1994 ஜூலையில் ஆல்பெர்ட்டோ புயல் மழையில் ஜார்ஜியாவில் இருநூறுக்கு மேற்பட்ட அணைகள் போயின. ஒரே ஓடையில் மேலே ஒன்று போனால் அந்தத் தண்ணீரைக் கீழே உள்ளது தாங்க வேண்டும். அதனால் மேலேயும் நடந்து பார். உன் ஏரிக்கு மேலே வேறு எவனுடைய குளமாவது இருந்தால் அவன் கரைக்குக் கீழே குடியிருப்பது நீ.

இதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்னே செய். அணையின் வகுப்பு என்ன, கடைசிச் சோதனை அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, அணைக்கு என்று தனியாக ஒதுக்கிய பணம் உண்டா என்று எழுதிக் கேள். கரை மோசம், பணமும் இல்லை என்றால் சங்கம் ஏரியின் மட்டத்தை நிரந்தரமாக இறக்க வேண்டி வரும், இல்லை கரையை முறைப்படி வெட்டி ஓடையாகவே விட்டுவிட வேண்டி வரும். பல சங்கங்கள் அப்படிச் செய்திருக்கின்றன, அது ஒன்றும் அவமானம் இல்லை. ஆனால் அப்போது உன் வீடு ஏரிக்கரை வீடு இல்லை, ஓடைக்கரை வீடு. இப்போது கேட்கிற விலை ஏரிக்கரை வீட்டு விலை. வித்தியாசத்தைச் சொல்லிப் பேரம் பேசு. அறிக்கையைத் தர மறுத்தால் இன்னும் குறைத்துக் கேள். அறிக்கை கையில் கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, இங்கே பகலில் எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மாமா